அறுந்த வலை

அம்மாவின் முழங்காலில் உறிஞ்சிய நீரை நானேதான் எண்ணினேன். 2017, ஆடி மாதக் கடைசி. பழைய வண்ணாரப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் லேபுக்கே அந்த சாம்பிள் வந்தது. எலும்பு டாக்டர் இரண்டு டியூபில் கொடுத்து அனுப்பியிருந்தார். நல்ல மூட்டு நீர் வெளிறிய மஞ்சளில் தெளிவாக இருக்கும். டியூபுக்குப் பின்னால் பேப்பரைப் பிடித்தால் எழுத்தைப் படித்துவிடலாம். இது கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. தலைப்பு எழுத்துகூடத் தெரியவில்லை.

மூட்டு நீரை எண்ணும்போது, வெள்ளை அணுக்களுக்கு வழக்கமாக ஊற்றும் அசிட்டிக் ஆசிட் கலவையை ஊற்றக் கூடாது. அதில் இருக்கும் வழவழப்புப் பொருள் திரிந்து கட்டியாகிவிடும். சலைன்தான் விட வேண்டும். ஏழு வருஷம் இந்த வேலை பார்த்தவளுக்கு இது தெரியாதா? ஆனாலும் அன்றைக்குக் கை தானாக ஆசிட்டை எடுத்துவிட்டது. முதல் டியூபிலிருந்து எடுத்தது வீணாயிற்று. இரண்டாவதில் சலைன் விட்டு, நியூபார் சேம்பர் என்கிற கட்டம் போட்ட கண்ணாடியில் ஏற்றி எண்ணினேன். ஒரு கன மில்லிமீட்டருக்கு 18,000 வெள்ளை அணுக்கள். நோயில்லாத முழங்காலில் 200க்குள்தான் இருக்கும். லீஷ்மன் சாயம் போட்டு வகை பிரித்தேன். நூற்றுக்கு 82 பாலி.

பாலி என்று லேபில் நாங்கள் சொல்வது நியூட்ரோஃபிலை. ஊதா நிறக் கரு மூன்று நான்கு மடலாகப் பிரிந்து மெல்லிய இழையால் கோர்த்திருக்கும். உடம்பில் கிருமி நுழைந்தால் முதலில் ஓடிவருகிற செல் அதுதான். அதனால் பாலி கூடியிருந்தால் கிருமியைத் தேடுவோம். கிராம் சாயத்தில் ஒன்றுமில்லை. கவுட் வாதத்தில் தெரியும் யூரிக் ஆசிட் படிகமும் இல்லை. கல்ச்சர் வைத்துக் காத்திருந்தோம், அதிலும் எதுவும் வளரவில்லை. கிருமியே இல்லாத இடத்தில் இத்தனை பாலிக்கு என்ன வேலை? இந்தக் கேள்வி அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது, அதற்குப் பதில் தேடித்தான் இத்தனை வருஷமும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். விடியற்காலை ஏலத்தில் எடுத்து, அன்னக்கூடையில் போட்டுத் தெருத்தெருவாக விற்றுவிட்டுப் பதினொரு மணிக்கு வீடு திரும்புவார். 2013 வாக்கில் அவர் காரப்பொடியும் நெத்திலியும் எடுப்பதை நிறுத்திவிட்டார். கேட்டால், “அதுல இன்னாடி லாபம்” என்பார். பொடி மீனை ஆய விரல் நுனி வேலை செய்ய வேண்டும். அவருக்கு அது முடியவில்லை என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. அப்புறம் ஒரு நாள் காலில் மெட்டி இறுகி, விரல் கருத்து, ஆசாரியிடம் போய் அறுத்து எடுத்தோம். அப்போதும் தெருவில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: “சிக்குன்குனியா வலி, அது போவாது.” 2006ல் எங்கள் தெருவில் அந்தக் காய்ச்சல் வராத வீடு இல்லை. அதன் மூட்டு வலி சிலருக்கு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட நீடித்தது உண்மைதான். ஆனால் அம்மாவுக்கு ஏழு வருஷம் கழித்து, இரண்டு கையிலும் ஒரே மாதிரி, கணு கணுவாக வீங்கியது வேறு நோய்.

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் நான்கு வருஷம் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். போட்ட மறுநாளே அம்மா எழுந்து ஓடுவார். கைராசி டாக்டர் என்று பெயர். அது ஸ்டீராய்டு. டாக்டர் பார்த்து, அளவோடு, குறைந்த நாளுக்குக் கொடுத்தால் அதுவும் மருந்துதான். நான்கு வருஷம் அதை மட்டுமே கொடுத்து நோய்க்குப் பெயர் வைக்காமல் விட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அம்மாவின் முகம் உப்பியது, சர்க்கரை வந்தது, உள்ளே எலும்பு அரித்துக்கொண்டிருந்தது. 2014ல் நானே அவருக்கு ஈ.எஸ்.ஆர். போட்டிருக்கிறேன். ரத்தச் சிவப்பணு டியூபில் எவ்வளவு வேகமாக அடியில் இறங்குகிறது என்று பார்க்கிற டெஸ்ட், உடம்பில் அழற்சி இருந்தால் கூடும். ஒரு மணி நேரத்தில் 64 மில்லிமீட்டர் வந்தது. சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏன் 64 என்று அந்த டாக்டரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முழங்கால் நீரின் ரிப்போர்ட்டோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ஜி.எச்.தான். அங்கே மூட்டு வாத நோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பெஞ்சில் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பாதிப் பேர் விரலில் மோதிரம் இல்லை, தழும்பு மட்டும் இருந்தது. டாக்டரம்மா ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்துவிட்டு, “காலையில எழுந்தா எவ்வளவு நேரம் விறைப்பா இருக்கும்மா?” என்று கேட்டார். அம்மா யோசித்துவிட்டு, “ஏலம் முடியற வரைக்கும் கீதும்மா. கையி என் கையாட்டமே இருக்காது, மரக்கட்டையாட்டம் கீது” என்றார். ஏலம் என்றால் அவர் கணக்கில் இரண்டு மணி நேரம். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். ரத்தத்தில் ஒரு வகை ஆன்டிபாடியைத் தேடும் ஆன்டி சி.சி.பி. பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பாசிட்டிவ், அதுவும் அதிக அளவில். ரூமடாய்ட் ஆர்த்ரைட்டிஸ், தமிழில் முடக்குவாதம். உடம்பின் காவல் படை தன் உடம்பையே எதிரியாக எடுத்துக்கொள்கிற நோய்.

இதற்கு மேல் நான் எழுதப்போவது லேபில் வேலை செய்கிறவள் படித்துத் தெரிந்துகொண்டது. எங்கள் வீட்டுக்கு இது ரொம்ப முக்கியமாக இருந்ததால்தான் எழுதுகிறேன்.

நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்குகிறது. உண்டாகிற அளவுக்குச் சாகவும் வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் இடம் இருக்காது. அவை தினமும் கோடிக்கணக்கில் சாகின்றன, நமக்கு ஒன்றுமே தெரிவதில்லை. காரணம், அவை சாகிற விதம். செல் தன்னைத் தானே சுருக்கிக்கொண்டு, கருவைத் துண்டாக்கி, உள்ளே இருக்கும் விஷச் சரக்கு வெளியே சிந்தாமல் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிவைத்துச் சாகிறது. மேக்ரோஃபேஜ் என்ற பெரிய செல் வந்து அந்தப் பொட்டலங்களை விழுங்கிவிடும். 1972ல் கெர், வில்லி, கரி என்ற மூன்று பேர் இந்தச் சாவுக்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைச் சொல்லும் கிரேக்கச் சொல். எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடித்திருக்கிறது. இலை விழுகிற சத்தம் யாருக்குக் கேட்கும்? விழுங்கிய மேக்ரோஃபேஜும் அழற்சியை அடக்குகிற செய்தியைத்தான் சுற்றிலும் அனுப்புகிறது. அமைதியாகச் செத்து, அமைதியாக அள்ளப்பட்டு, அந்த இடம் ஆறிப்போகிறது.

ஆனால் நியூட்ரோஃபில் சாவதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 2004ல் பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் தொற்று உயிரியல் நிலையத்தில் ஃபோல்கர் பிரிங்க்மன், ஆர்துரோ சைக்லின்ஸ்கி முதலியவர்கள் அதை முதன்முதலாக விவரித்தார்கள். இந்தச் சாவில் செல் பொட்டலம் கட்டுவதில்லை. கருவுக்குள் சுருட்டி வைத்திருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் அவிழ்த்து, கிருமியைக் கொல்லும் புரதங்களை அதில் அப்பி, வெளியே வீசுகிறது. அவர்கள் அதற்கு வைத்த பெயரே வலை என்பதுதான். கிருமி அதில் சிக்கிக்கொள்ளும். வலையை வீசிய செல் பெரும்பாலும் அதோடு செத்துவிடும்.

காசிமேட்டில் பிறந்தவள் நான். இதைப் படித்த ராத்திரி தூக்கமே வரவில்லை. வாசலில் நைனா உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். கடலுக்குப் போவதை விட்டுவிட்டார், வலை ஊசியை மட்டும் இன்னும் விடவில்லை. நடுக்கடலில் அறுந்து போன வலை என்னாகும் என்று கேட்டேன். “அது சும்மா இருக்காதுமே. அது பாட்டுக்கு புடிச்சிக்கினே இருக்கும். மீனு மாட்டும், செத்துப்பூடும், அத்த துன்ன இன்னொண்ணு வரும், அதுவும் மாட்டும். வலிச்சி எடுக்க ஆளு இல்லல்ல.”

அம்மாவின் முழங்காலில் நடந்தது இதுதான். கிருமி இல்லாத இடத்தில் வலை வீசப்படுகிறது. வீசிய வலையை வெட்டிக் கரைக்க டி.என்.ஏஸ் என்ற நொதி இருக்கிறது, மிச்சத்தை விழுங்க மேக்ரோஃபேஜ் இருக்கிறது. ஆனால் குவிகிற வேகத்துக்கு அள்ளுகிற வேகம் ஈடுகொடுப்பதில்லை. குப்பை வண்டி நாலு நாள் வராத தெரு எப்படி இருக்கும் என்று வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வலையோடு ஒட்டி வந்த எலாஸ்டேஸ் போன்ற நொதிகள் கிருமியைத் தின்ன வந்தவை. கிருமி இல்லாததால் பக்கத்திலிருக்கும் குருத்தெலும்பைத் தின்னத் தொடங்குகின்றன.

இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று அந்த வலைக்குள்ளேயே இருக்கிறது. டி.என்.ஏ. இழை, ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல்தான் நூல்கண்டு போலச் சுற்றியிருக்கும். கண்டை அவிழ்க்க வேண்டுமானால் பிடி தளர வேண்டும். பி.ஏ.டி.4 என்ற நொதி ஹிஸ்டோனில் இருக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை சிட்ருலினாக மாற்றுகிறது. ஆர்ஜினினுக்கு நேர் மின்னூட்டம் உண்டு, சிட்ருலினுக்குக் கிடையாது. எதிர் மின்னூட்டமுள்ள டி.என்.ஏ.வை இழுத்துப் பிடித்த பிடி விட்டுப்போகிறது, கண்டு அவிழ்கிறது. வலை தயார். ஆனால் அந்த வலையில் இப்போது சிட்ருலின் ஏறிய புரதம் தொங்குகிறது. இந்த நோய் வருகிற உடம்புக்கு அதுதான் அந்நியமாகத் தெரிகிறது. அதற்கு எதிரான ஆன்டிபாடிதான் அம்மாவின் ரத்தத்தில் இருந்தது. சி.சி.பி. என்ற மூன்றெழுத்தில் நடு எழுத்து சிட்ருலினைக் குறிப்பதுதான். மரியானா கப்லான் குழுவினர் 2013ல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகக் காட்டியது: முடக்குவாதக்காரர்களின் நியூட்ரோஃபில்கள் மற்றவர்களுடையதைவிடச் சுலபமாக வலை வீசுகின்றன, அந்த வலையில் இந்தப் புரதங்கள் இருக்கின்றன. ஆன்டிபாடி போய் அதில் ஒட்டும், ஒட்டிய கட்டியைப் பார்த்துப் புது நியூட்ரோஃபில் வரும், அதுவும் வலை வீசும். நைனா சொன்ன மீன் கதையேதான்.

சிட்ருலின் என்ற பெயரே தர்பூசணியிலிருந்து வந்தது. அந்தப் பழத்தின் லத்தீன் பெயர் சிட்ருல்லஸ். 1914ல் ஜப்பானில் கோகா, ஒடாகே என்ற இருவர் தர்பூசணிச் சாற்றிலிருந்துதான் அதைப் பிரித்தார்கள். 1930ல் வாடா அதற்குப் பெயர் வைத்தார். இதை நான் வீட்டில் ஆசையாகச் சொல்லப்போய், அம்மா அந்தக் கோடை முழுவதும் தர்பூசணியைத் தொடவில்லை. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். பழத்தில் இருப்பது தனி அமினோ அமிலம். நோயில் நடப்பது, நம் புரதத்துக்குள் இருக்கும் ஆர்ஜினின் அந்த இடத்திலேயே மாற்றப்படுவது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பீடி சிகரெட்டுக்குச் சம்பந்தம் உண்டு. புகை பிடிப்பவர்களின் நுரையீரலில் இந்த மாற்றம் அதிகமாக நடக்கிறது. ஈறு நோய்க்கும் தொடர்பு காட்டியிருக்கிறார்கள், ஈறைக் கெடுக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு இதே வேலையைச் செய்யும் நொதி சொந்தமாகவே இருக்கிறது. ஆன்டிபாடி மூட்டு வீங்குவதற்குச் சில வருஷங்கள் முன்பே ரத்தத்தில் வந்துவிடுவதும் உண்டு. அம்மா நெத்திலி எடுப்பதை நிறுத்துவதற்கு முன்பே அது அங்கே இருந்திருக்கலாம்.

ஒரு பக்கம் இப்படிச் சத்தம் போட்டுச் சாகிறவை. இன்னொரு பக்கம் சாக வேண்டிய நேரத்தில் சாகாதவை. மூட்டின் உள்ளுறை சாதாரணமாக ஓரிரண்டு செல் தடிமன்தான். இந்த நோயில் அங்குள்ள செல்கள் இலை மாதிரி உதிர மறுத்து, பெருகி, தடித்து, எலும்பின் ஓரத்தை அரித்துக்கொண்டு நுழைகின்றன. உள்ளே வந்து தங்கிய டி செல்களும் (காவல் படையின் இன்னொரு வகை வெள்ளை அணு) கிளம்புவதில்லை. மூட்டு நீரில் இருக்கும் செய்திப் புரதங்கள் நியூட்ரோஃபிலின் அமைதியான சாவையும் தள்ளிப்போடுகின்றன. மேக்ரோஃபேஜ் போன்றவற்றுக்கோ வெடித்துச் சாகிற வழியும் ஒன்று உண்டு. காஸ்டெர்மின் டி என்ற புரதம் செல்லின் சவ்வில் துளை போட்டுவிடும், அழற்சியைத் தூண்டும் சரக்கெல்லாம் வெளியே கொட்டும். அந்தப் புரதத்தின் வேலை 2015ல்தான் தெளிவானது. நான் லேப் வேலைக்கான டி.எம்.எல்.டி. டிப்ளமோ படித்தபோது செல் சாவு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றரைப் பக்கம்.

டி.என்.எஃப். பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மூட்டுக்குள் மேக்ரோஃபேஜ்கள் கொட்டும் செய்திப் புரதங்களில் முக்கியமானது அதுதான். லண்டனில் ஃபெல்ட்மன், மைனி இருவரும் அதைத் தடுக்கும் மருந்தை 1992ல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், வீக்கம் இறங்கியது. அந்த வகை ஊசிகள் இப்போது நம் ஊரிலும் கிடைக்கின்றன. ஆனால் போடுவதற்கு முன் டி.பி. உள்ளே தூங்குகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். டி.பி. கிருமியைச் சுற்றி வளைத்துக் கட்டிவைப்பதே டி.என்.எஃப்.பின் இன்னொரு வேலை. அதைத் தடுத்தால் கட்டு அவிழ்ந்துவிடும். வியாசர்பாடியிலிருந்து வந்து பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்காவுக்கு, ஊசி தொடங்குவதற்கு முன் எக்ஸ்ரேயும் டி.பி. டெஸ்டும் எடுக்கச் சொன்னார்கள். “மூட்டு வலிக்கு நெஞ்ச எதுக்கு படம் புடிக்கிறாங்க” என்று பயந்தார். தெரிந்த வரையில் விளக்கிச் சொன்னேன், அப்புறம் போய் எடுத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு ஊசி வரை போகவில்லை. மெத்தோட்ரெக்சேட் மாத்திரையே கேட்டது. வாரத்துக்கு ஒரே ஒரு நாள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் சொன்ன வேறு நாளில் ஃபோலிக் ஆசிட். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வாரம் ஒரு நாள் என்பதைத் தினமும் என்று தப்பாக எடுத்தால் உயிருக்கே ஆபத்து. முதல் வாரம் அம்மா திங்கட்கிழமையும் எடுத்து வாயில் போடப் போனார், கையைப் பிடித்துத் தடுத்தேன். அன்றிலிருந்து அட்டை என் பையில்தான் இருக்கிறது. கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் தவறாமல் டெஸ்ட் எடுக்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் அதற்குத் திட்டமிடுபவர்களுக்கும் இந்த மருந்து கூடவே கூடாது.

இந்த மருந்து வந்த கதை எனக்குப் பெருமையாக இருக்கிறது. எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவர் தலைமையில் அமெரிக்காவில் லெடர்லே ஆய்வகத்தில் புற்றுநோய்க்காக உருவானது அது. சுப்பாராவ் டாக்டருக்குப் படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில், அதாவது அம்மா ஓ.பி. சீட்டோடு உட்கார்ந்திருந்த அதே ஜி.எச்.சின் கல்லூரியில். கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார் என்று அவர் வரலாற்றில் சொல்கிறார்கள். 1923ல் கடல் கடந்து போனவர் திரும்பி வரவில்லை, 1948ல் அங்கேயே காலமானார். முடக்குவாதத்துக்கு இந்த மருந்தை அமெரிக்க அரசு அனுமதித்தது 1988ல். குறைந்த அளவில் அது அடினோசின் என்ற பொருளைச் செல்லுக்கு வெளியே கூட்டி, அழற்சி செல்களைத் தணிக்கிறது. தூண்டப்பட்ட டி செல்களை இலை உதிர்வது போல அமைதியாகச் சாகவும் வைக்கிறது என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். சாக மறுத்தவை சாகப் பழகுகின்றன.

வேலை செய்ய எட்டு, பத்து வாரம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் அம்மா என்னைத் திட்டினார், அந்த வெள்ளை மாத்திரையையே வாங்கிக் கொடு என்று அழுதார். அப்புறம் ஒரு நாள் காலையில் தண்ணீர் பாட்டில் மூடியை அவரே திருகித் திறந்தார். நைனாதான் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்து சொன்னார். ஆனால் வலது கை மோதிர விரல் வளைந்தது வளைந்ததுதான். எக்ஸ்ரேயில் கணு எலும்பின் ஓரம் எலி கடித்தது போல இருக்கிறது. அது திரும்ப வளராது. 2014ல் அந்த 64ஐப் பார்த்துவிட்டு நான் வாய் திறந்திருந்தால் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன். இப்போது எங்கள் லேபில் நாற்பது வயதுப் பெண் யாருக்காவது ஈ.எஸ்.ஆர். கூட வந்தால், காலையில் விரல் விறைக்கிறதா அக்கா என்று கேட்டுவிடுகிறேன். டாக்டர் வேலை இது இல்லைதான். கேட்பதில் என்ன தப்பு?

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அம்மாவுக்கு நானே ரத்தம் எடுக்கிறேன். போன மாதமும் எடுத்தேன். ஈ.எஸ்.ஆர். 24. சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது வாசலில் முறத்தைப் போட்டுக்கொண்டு காரப்பொடி ஆய்ந்துகொண்டிருந்தார். வளைந்த விரலை ஒதுக்கி வைத்துவிட்டு, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும். முன்பு கால் மணியில் முடிக்கிற வேலை, இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது.

“எவ்ளோடி வந்துது?”

“24-மா.”

“அப்போ அந்த வலை இன்னும் கீதா உள்ள?”

“கொஞ்சம் கீதும்மா.”

தலையை ஆட்டிவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.